முதன்முதலாக ஆர்பிஜி ஆடுபவருக்கு எந்த கேமைத் தருவது?

ஒரு கதாபாத்திரத்தின் இடத்தில் நின்று, அவரை வளர்த்துக்கொண்டே கதையை ஆடும் ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, என்ற வகையைத் தொட்டதே இல்லாத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், கேம்களில் ஊறிப்போனவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு மிகவும் பிடித்ததையோ விருது வாங்கியதையோ சொல்லிவிடுகிறார்கள். தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதை 2015இல் தி விட்சர் 3, 2022இல் எல்டன் ரிங், 2023இல் பால்டர்ஸ் கேட் 3 ஆகியவை பெற்றன. மூன்றும் ஆர்பிஜிக்கள், மூன்றும் அருமையானவை. ஆனால் முதல் ஆர்பிஜியாக ஒருவர் கையில் கொடுக்கலாமா என்று கேட்டால் மூன்றுக்கும் நான் வெவ்வேறு பதில்தான் சொல்வேன்.

"ஈசி மோடில் வைத்து ஆடு, சரியாகிவிடும்" என்று சொல்லி முடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஈசி மோடு செய்வதெல்லாம் எதிரியின் அடியைக் குறைத்து நம்முடைய அடியைக் கூட்டுவதுதான். புதியவர் திணறுவது அநேகமாக எதிரியிடம் அல்ல; கேமைத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் திரையில் வந்து நிற்கும் பட்டியல்களிடம். வலிமை, வேகம், அறிவு, அதிர்ஷ்டம் என்று நீளும் எண்களில் எதைக் கூட்டுவது, இரண்டு வாள்களில் எதை வைத்துக்கொண்டு எதை விற்பது, தீ மந்திரமா பனி மந்திரமா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுக்குப் பதில் சொல்லத் தேவையான அனுபவம் அந்த கேமை ஏற்கெனவே ஒருமுறை ஆடி முடித்தவருக்கு மட்டும்தான் இருக்கும்.

ஆகவே ஒரு ஆர்பிஜி புதியவருக்கு ஏற்றதா என்று பார்க்க நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். ஒன்றும் தெரியாத நிலையில் இருப்பவரிடம் இது எவ்வளவு சீக்கிரம், எத்தனை முடிவுகளை எடுக்கச் சொல்கிறது? எடுத்த முடிவு பிசகினால் அதற்கு எவ்வளவு அபராதம் வாங்குகிறது? கிராபிக்ஸ், கதை, சண்டையின் வேகம் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இந்தச் சிக்கல் இந்த வகையோடு கூடவே பிறந்தது. 1974இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். லெவல், அனுபவப் புள்ளி, உயிரைக் குறிக்கும் ஹிட் பாயிண்ட் என்று இன்றைய ஆர்பிஜிக்களில் நாம் பார்க்கும் கணக்குகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவை. ஆனால் அந்த மேசையில் கதையை நடத்துபவர் ஒருவர் இருப்பார். புதிதாக வந்தவர் விழித்தால், "கதவைத் தட்டிப் பார்க்கலாம், சன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம், என்ன செய்யப் போகிறாய்?" என்று எடுத்துக்கொடுப்பார்; முட்டாள்தனமாக எதையாவது செய்தால் கொஞ்சம் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். கணினிக்கு வந்தபோது கணக்குகள் அத்தனையும் வந்துசேர்ந்தன, அந்த மனிதர் வரவில்லை. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசர்ட்ரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சண்டையின் வாடைகூடப் படாத நிலையில் ஆறு பேரை நாமே உருவாக்க வேண்டும். இனம், தொழில், கூடுதல் புள்ளிகள் எல்லாவற்றையும் பங்கிட வேண்டும். பிறகு கோடுகளால் வரைந்த பாதாளத்தில் இறங்கி, வரைபடத்தைக் கட்டம்போட்ட தாளில் நம் கையாலேயே வரைந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒருவர் இறந்தால் கோயிலுக்குத் தூக்கிச் சென்று காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அந்த முயற்சி தோற்றால் அவர் சாம்பலாவார். சாம்பலை எழுப்பும் முயற்சியும் தோற்றால் ஒரேயடியாகப் போய்விடுவார். என் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிடக் கடுமையாகப் பதில் சொன்ன கேமைக் காண்பது அரிது.

அந்த விசர்ட்ரியையும் அல்டிமா என்ற இன்னொரு கணினி ஆர்பிஜியையும் ஆடி மயங்கிய ஜப்பானியர் யூஜி ஹோரி. கணினியே பார்த்திராத பிள்ளைகளும் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடக்கூடியதாக இதையே செய்ய முடியுமா என்று யோசித்து அவர் வடிவமைத்த டிராகன் குவெஸ்ட், 1986இல் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. அதன் முதல் அறையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் புதியவரை வரவேற்பது எப்படி என்பதற்கு இன்றளவும் அதைவிடச் சிக்கனமான பாடம் எனக்குத் தெரியாது. கேம் தொடங்கும்போது நாம் அரசரின் முன்னால் நிற்கிறோம். அவர் பேசி முடித்ததும் வெளியே போகலாம் என்றால் அறை பூட்டியிருக்கிறது. அறைக்குள் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் பொற்காசுகள், ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. அந்தக் காலத்தில் பொருளை எடுக்க, கதவைத் திறக்க, படியில் இறங்க, மனிதரோடு பேச என்று ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் தனித்தனிக் கட்டளை இருந்தது. பெட்டியிலிருந்து சாவியை எடுத்து, கதவருகே போய்த் திறந்து, காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசி, படியில் இறங்கும்போது, கேமுக்கு வேண்டிய முக்கியக் கட்டளைகளை எல்லாம் நாம் ஒருமுறை பயன்படுத்தி முடித்திருப்போம். "இப்போது இந்தப் பட்டனை அழுத்தவும்" என்று யாரும் சொல்லவில்லை. பூட்டிய அறைக்குள் எந்த எதிரியும் வரப்போவதில்லை என்பதால் எவ்வளவு நேரம் தடவினாலும் கேட்பாரில்லை.

வெளியே வந்ததும் எதிரில் வருவது ஸ்லைம் என்ற நீலநிறக் குமிழி. ஓவியர் அகிரா தொரியாமா அதற்குச் சிரித்த முகம் ஒன்றை வரைந்துவைத்தார். பார்த்தால் பயமே வராது. அதையும் மீறி ஊரைவிட்டு நெடுந்தூரம் போய்ச் செத்துவிட்டால், நாம் மறுபடி அரசரின் முன்னால்தான் எழுந்திருப்போம். கையிலிருந்த காசில் பாதி போய்விடும். சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒன்றுகூடக் குறையாது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள்: தோற்றவரும் தோற்பதற்கு முன்பு இருந்ததைவிட ஒரு படி வலுவாகவே திரும்பி வருகிறார். எத்தனை முறை தோற்றாலும் முன்னேற்றம் நிற்காத இந்த ஏற்பாடு, ஈசி மோடு என்ற ஒன்று இல்லாமலே அந்த கேமை எளிதாக்கியது.

எளிமை என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1992இல் ஸ்கொயர் நிறுவனம், அமெரிக்கர்களுக்கு ஆர்பிஜி பழக்கமில்லை என்று கருதி, ஃபைனல் ஃபேன்டஸி மிஸ்டிக் குவெஸ்ட் என்ற கேமை வெளியிட்டது. புதிய கவசம் கிடைத்தால் அதுவே மாட்டிக்கொள்ளும், கூட வரும் ஒரே தோழரைத் தானியங்கியாக விட்டுவிடலாம், சண்டையில் தோற்றால் அதே சண்டையை உடனே மறுபடி ஆடலாம். மன்னிக்கும் குணத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடிவுகளைத் தள்ளிப்போடுவதற்குப் பதிலாக அவற்றை அடியோடு எடுத்துவிட்டதால், ஆடுபவருக்கு மிஞ்சிய வேலை பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது மட்டும்தான். அதன் இசையை இன்றும் பலர் பாராட்டுகிறார்கள். கேமை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. புதியவருக்குத் தெரியாமலிருப்பது கேமின் வழக்கங்கள் மட்டும்தான், சுவை தெரியாதவர் அல்லர்.

அப்படியானால் இன்று யாராவது கேட்டால் எதைச் சொல்வேன்? பெரும்பாலும் க்ரோனோ ட்ரிகர். 1995இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. பிற்பாடு போனுக்கும், 2018இல் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்துக்கும் வந்துவிட்டது. (ஸ்டீமுக்கு வந்த புதிதில் அதன் தோற்றத்தைப் பார்த்துப் பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், பின்னர் வந்த அப்டேட்டுகளில் பெரிதும் சரிசெய்துவிட்டார்கள்.) இதிலும் ஹோரியும் தொரியாமாவும் இருக்கிறார்கள், ஃபைனல் ஃபேன்டஸியைத் தொடங்கிய ஹிரொனொபு சககுச்சியும் சேர்ந்துகொண்டார். நடந்துபோகும்போது எங்கிருந்தோ திடீரென்று சண்டை வந்து விழும் பழைய தொல்லை இதில் மிகக் குறைவு. எதிரிகளில் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பார்கள். இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடக்கத்தில் கேட்கும் ஒரே கணக்கு வழக்கு, சண்டையை ஆக்டிவ் முறையில் வைப்பதா வெயிட் முறையில் வைப்பதா என்பது. வெயிட் என்று வைத்துவிட்டால், நாம் மந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரி அடிக்காமல் காத்திருப்பான்.

இந்த கேம் முடிவுகளை எப்படிக் கேட்கிறது என்பதை என் அக்கா மகள் ஆடும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளுக்கு அதுதான் முதல் ஆர்பிஜி. கதை, ஊர்த் திருவிழாவில் தொடங்குகிறது. நாயகன் ஒரு பெண்ணின்மீது மோதிவிட, அவள் கழுத்திலிருந்த பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் பதக்கத்தை எடுக்கலாம், அல்லது அவளைப் பார்க்கப் போகலாம். பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கும் சிறுமிக்குப் பூனையைக் கொண்டுவந்து தரலாம், தராமலும் போகலாம். ஒரு மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்தினால் நாயகன் அதைத் தின்றுவிடுவான். கேம்களில் கிடைப்பதையெல்லாம் எடுப்பதுதானே வழக்கம், அவளும் எடுத்தாள். சில மணி நேரம் கழித்து, இளவரசியைக் கடத்தியதாக நாயகன்மீது பழி வந்து நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். இவன் யோக்கியனா என்ற கேள்வி எழும்போது, பூனை, பதக்கம், சாப்பாடு என்று திருவிழாவில் நடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

"மாமா, அந்தப் பெரியவர் சாப்பாட்டை நான் எடுத்துத் தின்னது இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் திரும்பிக் கேட்டாள்.

"திருவிழாவுல அத்தனை பேர் பார்த்துட்டு இருந்தாங்களேம்மா" என்றேன்.

"அது யாரோ வச்சுட்டு மறந்துட்டுப் போனதுன்னு நெனச்சேன்" என்று நீதிபதியிடம் சொல்வதுபோலவே சொன்னாள். ரோல் பிளேயிங் என்ற சொல்லுக்கு உரிய காரியம் அந்த நேரத்தில் நடந்துவிட்டது. வலிமை, வேகம் என்று ஓர் எண்ணைக்கூட அதற்குள் அவள் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இதைவிட முக்கியம், ஏழு நடுவர்களும் குற்றவாளி என்றாலும் நிரபராதி என்றாலும் நாயகன் எப்படியும் சிறைக்குத்தான் போகிறான், கதை அங்கிருந்துதான் தொடர்கிறது. நல்லபடியாக நடந்துகொண்டவருக்குச் சிறையில் சில மருந்துப் பொருள்கள் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. முடிவுக்கு விளைவு உண்டு என்பதை உறைக்கும்படி காட்டிவிட்டு, அந்த விளைவால் கேம் கெட்டுப்போகாமலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆர்பிஜிக்குப் புதியவர் வேறு, வீடியோ கேமுக்கே புதியவர் வேறு. நம் ஊரில் ஃப்ரீ ஃபயரிலும் பிஜிஎம்ஐயிலும் ஆண்டுக்கணக்கில் கைபழகிய ஒருவருக்கு, ஒரு கட்டைவிரலால் நடந்து இன்னொரு கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவது மூச்சுவிடுவதுபோல வரும். அவரிடம் தி விட்சர் 3 கேமைத் தயங்காமல் கொடுக்கலாம். அதில் நாயகனை நாம் உருவாக்க வேண்டியதில்லை. கெரால்ட் என்பவன் ஏற்கெனவே முழு மனிதனாக இருக்கிறான். முதலில் வரும் ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற சிறு பகுதி முழுவதுமே ஒரு பயிற்சிக் களம்தான். எந்த வேலைக்கு எந்த லெவல் இருந்தால் நல்லது என்று பட்டியலிலேயே போட்டிருக்கும். எண்ணெய், கஷாயம், வெடிகுண்டு என்று அது அடுக்கும் தயாரிப்பு வேலைகள் பயமுறுத்தினாலும், மிக எளிய நிலையில் வைத்து ஆடினால் அவற்றில் பெரும்பகுதியைச் சட்டை செய்யாமலே கதையைத் தொடரலாம். 2011இல் வந்த ஸ்கைரிமும் இந்த வகையினருக்குப் பொருந்தும். எந்த ஆயுதத்தை எடுத்து அடிக்கிறோமோ அந்தத் திறன் தானாக வளரும் என்பதால், தொடக்கத்தில் பத்து இனங்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிற்பாடு பெரிதாக வித்தியாசம் தெரியாது.

கன்ட்ரோலரையே பிடித்திராதவர் கையில் இவற்றைக் கொடுத்தால், முதல் அரை மணி நேரம் அவர் வானத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டு சுவரில் முட்டுவார். அவருக்கு முறைவைத்து நடக்கும் சண்டைதான் ஏற்றது. அவர்களுக்கு நான் சொல்வது பேப்பர் மாரியோ: தி தௌசண்ட் இயர் டோர், 2004இல் வந்தது, 2024இல் ஸ்விட்ச் கருவிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. மற்ற ஆர்பிஜிக்கள் 9999 என்று அடிகளின் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, இதில் மாரியோ பத்துப் புள்ளி உயிரோடு தொடங்குகிறான். தொடக்கத்தில் எதிர்ப்படும் கூம்பா என்ற சிறு எதிரிக்கு உயிர் இரண்டு, அது அடித்தால் நமக்குப் போவது ஒன்று. தலையில் குதிக்கும்போது சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் இன்னொரு முறையும் குதிக்கலாம். ஒன்றும் ஒன்றும் இரண்டு, கூம்பா போய்விட்டது. கணக்கு இவ்வளவு சிறிதாக இருப்பதால், பாதுகாப்பு ஒரு புள்ளி கூடினால் என்ன நடக்கும் என்பதை விளக்க யாரும் வேண்டாம், கண்முன்னே தெரிந்துவிடும். கூடவே வரும் கூம்பெல்லாவிடம் எந்த எதிரியைப் பற்றிக் கேட்டாலும் அதன் உயிர் எவ்வளவு, அடி எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். மேசையில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்த அந்தப் பழைய மனிதரின் வேலையைத்தான் அவள் செய்கிறாள். நூறு நட்சத்திரப் புள்ளி சேர்ந்தால் ஒரு லெவல். உயிர், சிறப்பு அடிகளுக்குச் செலவாகும் மலர்ப் புள்ளி, பேட்ஜ் மாட்டிக்கொள்ளத் தேவையான பேட்ஜ் புள்ளி ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். லெவலுக்கு ஒரு முடிவு மட்டும். இந்தியாவில் ஸ்விட்ச் பெரும்பாலும் இறக்குமதிக் கடைகளில்தான் கிடைக்கிறது என்பது ஒரு குறை. இந்த ஒரு கேமுக்காகக் கருவி வாங்கச் சொல்ல மாட்டேன், வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

இனி பால்டர்ஸ் கேட் 3. என் நண்பர் ஒருவர் புதுக் கணினி வாங்கிய கையோடு இதையும் வாங்கினார். முதல் நாள் மாலை முழுவதும் கதாபாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே கழித்துவிட்டுத் தூங்கப்போய்விட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. பதினொரு இனங்கள், கிளாஸ் எனப்படும் பன்னிரண்டு தொழில்கள், அவற்றின் உட்பிரிவுகள், பின்னணி, ஆறு குணங்களுக்குப் புள்ளி, சில கிளாஸ்களுக்கு மந்திரப் பட்டியல். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளை ஒட்டி அமைந்தது என்பதால் அந்த மேசையின் கனம் அப்படியே இறங்கியிருக்கிறது. என் முதல் கேள்விக்கு இந்த கேம் வாங்கும் மதிப்பெண் மிகக் குறைவு.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் ஒரு பழைய கல்லறையில் விதர்ஸ் என்ற எலும்புக்கூட்டு மனிதர் கிடைப்பார். அங்கே போகாமல் விட்டாலும் நம் முகாமுக்குத் தாமே வந்துசேர்வார். அவரிடம் நூறு பொற்காசு கொடுத்தால் கிளாஸ் முதல் குணப்புள்ளி வரை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். நூறு காசு அந்த கேமில் பெரிய தொகை அல்ல. கணினியில் ஆடினால் எஃப்5 அழுத்திச் சேவ் செய்துகொண்டு, பேச்சுவார்த்தை கெட்டுப்போனால் எஃப்8 அழுத்தித் திரும்பிவிடலாம். எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலையை, கேமை உருவாக்கிய லேரியன் நிறுவனத்தார் அமைத்த விதமும் எனக்குப் பிடித்தது: எதிரியின் பலத்தைக் குறைத்ததோடு நிற்காமல், இரண்டு கிளாஸ்களைக் கலக்கும் வசதியையும் அந்த நிலையில் மூடிவைத்துவிட்டார்கள். புதியவரின் தோளிலிருந்து எதை இறக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. ஆகவே நண்பரிடம் நான் சொன்னது: எக்ஸ்ப்ளோரர் வையுங்கள், ஃபைட்டர் கிளாஸை எடுங்கள், மற்ற எல்லாவற்றையும் கேம் போட்டுக்கொடுத்தபடியே விட்டுவிட்டுக் கீழே இருக்கும் பட்டனை அழுத்துங்கள், பிடிக்காவிட்டால் விதர்ஸ் இருக்கிறார். விசர்ட் கிளாஸ் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் எந்த மந்திரங்களை மனதில் தயாராக வைத்துக்கொள்வது என்ற கேள்வி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால், அது இரண்டாம் முறை ஆடுபவருக்கு.

எல்டன் ரிங்கை முதல் ஆர்பிஜியாக எடுத்து முடித்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டேன். கடினத்தைக் குறைக்கும் அமைப்பே அதில் கிடையாது என்பதுகூட இரண்டாவது காரணம்தான். இறந்தால் லெவலுக்கும் கடைக்கும் ஒன்றாகப் பயன்படும் ரூன்கள் அத்தனையும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி இறந்தால் அவை போனவைதான். டிராகன் குவெஸ்ட் விதித்த பாதிக் காசு அபராதத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் வேறொரு வகையில் ஏமாற்றக்கூடியது. சண்டையே இல்லை, படித்துப் பதில் சொல்வது மட்டும்தான் என்பதால் எளிது என்று நினைப்பார்கள். தொடக்கத்தில் உடல்வலுவைக் குறைவாக வைத்துவிட்டால், விடுதி அறையில் சுழலும் விசிறியில் மாட்டியிருக்கும் டையை எடுக்கப்போய் மாரடைப்பில் செத்துவிடக்கூடிய கேம் அது. அதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவருக்கும், நாவல் படிக்கும் பழக்கமுள்ளவருக்கும் தாராளமாகத் தரலாம்.

படிப்பது என்றதும் மொழி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் இங்கே பெயர் சொன்ன எந்த கேமும் தமிழில் கிடையாது. ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் இதில் ஏற்றத்தாழ்வு உண்டு. க்ரோனோ ட்ரிகரின் வசனங்கள் நேரானவை, சிறியவை, பட்டனை அழுத்தும்வரை நிற்பவை. டிராகன் குவெஸ்ட் 11 ஆடினால், ஹாட்டோ என்ற ஊரில் எல்லோரும் ஹைக்கூவில் பேசுவார்கள், கொண்டோலியாவில் இத்தாலியர் ஆங்கிலம் பேசுவதுபோல எழுத்துகளையே வளைத்திருப்பார்கள். ரசிக்கத் தெரிந்தவருக்கு விருந்து. பள்ளிப் பிள்ளைக்கு முதலில் குழப்பம். டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் ஒரு பெரிய பகுதி நாயகனின் மூளைக்குள் நடக்கும் வாக்குவாதம். பிள்ளைகளுக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் வயதுச் சான்றைப் பார்ப்பதோடு இதையும் பார்ப்பது நல்லது. விட்சரும் பால்டர்ஸ் கேட்டும் எப்படியும் பெரியவர்களுக்கானவை.

போனில் இலவசமாகக் கிடைக்கும் கென்ஷின் இம்பாக்ட் போன்றவற்றிலிருந்து தொடங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். அழகான கேம், ஆடத் தொடங்குவதும் எளிது. ஆனால் அதன் பல வகை நாணயங்களும், குலுக்கலில் கதாபாத்திரம் எடுப்பதும், தினமும் வந்து போகச் சொல்லும் வேலைகளும் ஆர்பிஜியைக் கற்றுத்தருபவை அல்ல. போன் மட்டுமே இருக்கிறது என்றால் ஒரே முறை காசு கொடுத்து வாங்கும் பழைய கேம்கள் மேல். க்ரோனோ ட்ரிகர் இருக்கிறது. டிராகன் குவெஸ்ட் 8 கேமைப் பேருந்தில் நின்றபடி ஒரு கையால் ஆடும்படி போனை நிமிர்த்திப் பிடிக்கும் வடிவத்திலேயே மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள்.

டிராகன் குவெஸ்ட் 11 பற்றி இரண்டொரு சொற்கள். க்ரோனோ ட்ரிகரின் பழைய பிக்சல் படங்கள் சிலருக்கு ஒத்துவராது, அவர்களுக்கு இதுதான். 2017இல் ஜப்பானில் வந்தது, விரிவாக்கிய எஸ் பதிப்பு 2019இல் ஸ்விட்சுக்கும் 2020இல் பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கும் வந்தது. எதிரிகள் வயல்வெளியில் நடமாடுவது கண்ணில் படும், வேண்டாமென்றால் ஒதுங்கிப் போகலாம். தோழர்களைத் தாமாகவே சண்டையிட விட்டுவிட்டு நாயகனை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம். துணிச்சல் வந்தபிறகு ஒவ்வொருவரையும் நம் கட்டளைக்குள் கொண்டுவரலாம். திறன்களில் போட்ட புள்ளிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். குறை என்றால் நீளம்: கதை முடிய ஐம்பது மணி நேரத்துக்கு மேலாகும், அதில் தொடக்கம் நிதானமாகவே நகரும்.

ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சண்டை கேமுக்கு இந்த இரண்டு மணி நேரம் போதும். ஆர்பிஜிக்குப் போதாது, டிராகன் குவெஸ்ட் 11இல் அதற்குள் நாயகன் தன் கிராமத்தையும் அரண்மனையையும் தாண்டி அதிக தூரம் போயிருக்க மாட்டான். ஆகவே டெமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிராகன் குவெஸ்ட் 11 எஸ் பதிப்புக்குக் கொடுத்த டெமோ ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடக்கூடியது, அதில் செய்த சேவ் முழு கேமுக்கும் செல்லுபடியாகும்படி விட்டிருந்தார்கள். டெமோ இல்லாதவற்றைத் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கலாம். விட்சரும் ஸ்கைரிமும் ஆண்டில் பலமுறை பாதிக்கும் குறைந்த விலைக்கு வருகின்றன. வாங்கிய கேமை நடுவில் விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால் எந்தப் பட்டன் எதற்கு என்பதே மறந்திருக்கும். பழைய சேவில் நேராகப் பெரிய எதிரியிடம் போகாமல், தொடக்க ஊரைச் சுற்றியிருக்கும் சிறிய எதிரிகளோடு ஒரு கால் மணி நேரம் சண்டையிட்டால் கை தானாகப் பழக்கத்துக்கு வந்துவிடும்.